ஆட்டோகிராஸுக்கு எந்த வீல், எந்த டயர்? 17×7-இலேயே நிற்பதா, 17×9-க்குப் போவதா?

ஏரிக்கரை மியாட்டா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகனில் டெட்ராய்ட்டுக்கு வெளியே வசிக்கிறேன். 2019 மாடல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 (மியாட்டா) காரில் கிளப் வகையை வைத்திருக்கிறேன். பிரெம்போ பிரேக் இல்லாத சாதாரண கிளப்தான். சென்ற சீசனில் ஆறு ஆட்டோகிராஸ் போட்டிகளில் (கோன் என்னும் கூம்புகளை வைத்த தடத்தில் ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓட்டுவது), வண்டியில் அதிக மாற்றம் அனுமதிக்காத சி ஸ்ட்ரீட் பிரிவில் ஓட்டினேன். ஆறிலும் வண்டியோடு வந்த 17×7 வீலும் (விட்டம் 17 அங்குலம், அகலம் 7) 205/45 ஆர்17 அளவு டயருமே (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், 17 அங்குல வீலுக்கு) துணை.

சீசன் முடிந்து வீல்களைக் கழற்றியபோதுதான் முன் டயர்களை நிதானமாகப் பார்த்தேன். நடுவில் ட்ரெட் (தரையைத் தொடும் ரப்பர்) புதிதுபோல் இருக்கிறது. வெளித்தோள் மட்டும், பக்கச்சுவரில் உள்ள சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மழுங்கியிருக்கிறது. ஸ்லாலோமில் (கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் பகுதி) மூன்றாவது கோனை நெருங்கும்போது ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டியின் மூக்கு வெளியே நழுவியதற்குக் காரணம் இதுதானோ என்று நினைக்கிறேன். அதே பிரிவில் அதே வண்டியை ஓட்டும் ஒருவர் 50 விநாடி ஓட்டத்தில் என்னைவிட இரண்டு விநாடி முன்னால் இருக்கிறார். அதில் ஒரு விநாடியாவது அவருடைய கையில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மீதியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

என் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இருக்கிற வீலிலேயே 200 ட்ரெட்வேர் (தேய்மான எண்) கொண்ட, பிடிமானம் மிகுந்த டயர் போடுவது. இரண்டாவது, ஸ்போர்ட் மாடலோடு வரும் 16×6.5 வீலை மலிவாக வாங்கி, எடையைக் குறைத்து, சிறிய டயர் போடுவது. ஒருவர் நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். மூன்றாவது, ஒரேயடியாக 17×9 வீலும் 245/40 ஆர்17 டயரும் வாங்கிக்கொண்டு வண்டியில் கூடுதல் மாற்றங்களை அனுமதிக்கும் எஸ்.டி.ஆர். பிரிவுக்கு மாறுவது. வீலின் எடை, டயரின் அகலம், ரப்பர் கலவை ஆகிய மூன்றில் எதற்கு முதலில் பணம் போடவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வண்டி தினசரி அலுவலகத்துக்கும் போகிறது. ஆட்டோகிராஸ் வீல்களைத் தனியாக வைத்து மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.

கூம்பு தட்டி (பதில்)

வணக்கம் தம்பி. ஒஹாயோவில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் பழைய என்.பி. (இரண்டாம் தலைமுறை) மியாட்டாவில், பிறகு உங்களுடையதைப் போன்ற வண்டியில்.

முதலில் அந்த 16×6.5 வீலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எஸ்.சி.சி.ஏ. (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம்) நடத்தும் சோலோ, அதாவது ஆட்டோகிராஸ், போட்டிகளின் விதிப்படி ஸ்ட்ரீட் பிரிவில் வீலின் விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டலாம், ஓர் அங்குலம் குறைக்கலாம். ஆனால் அகலம் உங்கள் மாடலோடு வந்த அகலமாகவே இருக்கவேண்டும். கிளப்போடு வந்தது 7 அங்குலம். ஆகவே 16×7 செல்லும், 16×6.5 செல்லாது. ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் தூரம்) தொழிற்சாலை அளவிலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் விலகக்கூடாது. உங்கள் வீல் +45 மில்லிமீட்டர் என்பதால் ஏறக்குறைய +39 முதல் +51 வரை இடம் இருக்கிறது. என் இரண்டாம் சீசனில் இதைப் படிக்காமல் ஒரு செட் வாங்கி, சோதனை மேடையில் மானம் போய், அதை மூன்று மாதம் விற்க முடியாமல் திண்டாடினேன். விதிப்புத்தகம் ஆண்டுதோறும் புதுப் பதிப்பாக வருகிறது. வாங்குகிற வாரத்தில் அந்த ஆண்டுப் பதிப்பைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ரப்பர் கலவை முதலில், டயருக்குப் பொருந்திய வீல் அகலம் அடுத்து, வீலின் எடை கடைசியில். இணையத்தில் பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பேசுவதற்குக் காரணம், எடையைக் குளியலறைத் தராசில் வைத்து அளந்துவிடலாம், பிடிமானத்தை அப்படி அளக்க முடியாது என்பதுதான்.

200 என்ற ட்ரெட்வேர் எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். அது டயர் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கான ஒப்பீட்டு எண். 100 என்று வைத்துக்கொண்ட ஓர் அளவுகோல் டயரோடு டெக்சாஸில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து ஒப்பிடும் முறை அது. எண்ணை டயருக்குச் சூட்டுவது தயாரிப்பாளரே. ஆகையால் 200 என்று அச்சிட்ட இரண்டு டயர்கள் ஒரே வகையாக இருக்கும் என்று எண்ணிவிடவேண்டாம். யோகோஹாமா அட்வான் ஏ052 முதல் ஓட்டத்திலேயே, ஏன், முதல் திருப்பத்திலேயே பிடிக்கும். கூடுதலாகச் சூடாகிவிட்டால் வழவழத்துப் போகும், சீக்கிரமும் தேயும். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ-71ஆர்.எஸ். அதற்கு நிகரான வேகம். ஸ்டீயரிங் பதில் இன்னும் கூர்மை. ஃபால்கன் ஆர்.டி660 இவற்றுக்கு அடுத்த படி. ஹான்கூக் ஆர்.எஸ்4 நன்றாக உழைக்கும், பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்ட அருமையானது. ஆனால் உங்கள் ஊரில் ஏப்ரல் காலை எட்டு டிகிரி குளிரில் அது கண்விழிப்பதற்குள் ஐம்பது விநாடி முடிந்துவிடும். ஆட்டோகிராஸ் டயருக்கும் டிராக் டயருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஐம்பது விநாடிக்குள் இருக்கிறது.

அகலத்துக்கு வருவோம். டயரை அகலமாக்கினால் மட்டும் போதாது. அதன் இரண்டு காலும் ஊன்றி நிற்க ரிம் வேண்டும். 245/40 ஆர்17 டயருக்கு 8 முதல் 9.5 அங்குலம் வரையிலான ரிம் ஏற்றது. 9 அங்குலத்தில் அதன் பக்கச்சுவர் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும், திருப்பத்தில் ட்ரெட் மடங்காது. அதனால்தான் எஸ்.டி.ஆர். பிரிவில், 255 டயரும் 9 அங்குல வீலும் உச்சவரம்பாக இருக்கும்போது, எல்லோரும் அந்த 9 அங்குலத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு வீலோடு நிற்பதில்லை. அங்கே சஸ்பென்ஷன், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), எக்ஸாஸ்ட், இன்ஜின் டியூன் என்று எல்லாம் செய்தவர்களோடு மோதவேண்டும். வெறும் வீல் டயரை மாற்றிக்கொண்டு அங்கே போவது, ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பது போன்றது. +45 ஆஃப்செட்டுள்ள 17×9 போட்டால் உள்ளே 25 மில்லிமீட்டரும் வெளியே 25 மில்லிமீட்டரும் வீல் நீளும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். முன்பக்கம் ஃபெண்டர் லைனரில் உரசும் சத்தம் கேட்டபிறகு யோசிப்பதில் பயனில்லை.

ஆகவே முதல் வழியே உங்களுக்கு ஏற்றது: இருக்கிற 17×7 வீல், அதன்மேல் ஏ052 அல்லது ஆர்.இ-71ஆர்.எஸ்., அளவு 225/45 ஆர்17. அந்த அளவுக்குக் குறைந்தபட்ச ரிம் அகலம் 7 அங்குலம். உங்களுடையது சரியாக விளிம்பில் நிற்கிறது. பக்கச்சுவர் சற்றுப் புடைத்துத் தெரியும், அதைப் பொருட்படுத்தவேண்டாம்.

கணக்குப்பிள்ளை (பதில்)

டயர் அகலத்தைப் பேசுகிறவர்கள் விட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஆட்டோகிராஸில் பெரும்பகுதி இரண்டாம் கியரிலேயே ஓடுவதால், விட்டம் மாறினால் கியரே மாறியதுபோல் ஆகும். உங்கள் வண்டிக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டாம் கியர் விகிதம் 2.991, டிஃபரன்ஷியல் 2.866, 2019 மாடலின் இன்ஜின் உச்சம் 7,500 ஆர்.பி.எம்.

205/45 ஆர்17-இன் விட்டம் 616 மி.மீ.; இரண்டாம் கியரில் உச்சவேகம் மணிக்குச் சுமார் 63 மைல். 225/45 ஆர்17 போட்டால் 634 மி.மீ., 65 மைல். 245/40 ஆர்17-இல் 628 மி.மீ., 64 மைல். 16 அங்குலத்தில் 205/50 ஆர்16 என்றால் 611 மி.மீ., கிட்டத்தட்ட இப்போதுள்ளதே. 205/45 ஆர்16 என்றால் 591 மி.மீ., 60 மைலுக்குச் சற்று மேல். எடையால் டயர் அமுங்குவதால் உண்மையில் எல்லா எண்களும் இரண்டு மூன்று சதவீதம் குறையும்.

இதன் பொருள் என்னவென்றால், 591-லிருந்து 634-க்குப் போகும்போது சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஏழு சதவீதம் குறைகிறது. மெதுவான திருப்பத்திலிருந்து வெளியேறும் இடங்களில் இது தெரியும். மறுபுறம், உங்கள் வட்டாரத்துத் தடம் நீளமான நேர்ப்பாதையில் 62, 63 மைலைத் தொடுமானால், சிறிய டயரில் லிமிட்டரில் (இன்ஜின் சுழற்சி உச்சத்தைத் தாண்டாமல் தடுக்கும் அமைப்பு) முட்டிக்கொண்டு நிற்பீர்கள். அல்லது ஒன்றரை விநாடிக்காக மூன்றாம் கியர் போட்டு மறுபடி இறக்கவேண்டி வரும். 2019-க்கு முந்திய என்.டி.யில் (உங்கள் வண்டியின் அதே தலைமுறை) இன்ஜின் உச்சம் 6,800 என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை 57 மைலிலேயே தொடங்கியது. உங்களுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. உங்கள் போட்டிகளின் வீடியோவில் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்து, இரண்டாம் கியரில் எவ்வளவு நேரம் 7,000-க்கு மேல் நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அது தெரியாமல் விட்டத்தைத் தேர்வு செய்ய இயலாது.

எடையைப் பற்றி ஒரு வரி: வீலுக்கு இரண்டரை கிலோ வீதம் நான்கு வீலில் பத்துக் கிலோ குறைத்தால், சுழற்சியையும் சேர்த்து நேர்ப்பாதையில் பதினாறு, பதினேழு கிலோ குறைந்ததற்குச் சமம். ஓட்டுநரோடு 1,140 கிலோ வரும் வண்டியில் அது ஒன்றரை சதவீதம். அதற்கு வீல் விற்பவர் கேட்கும் தொகையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

லிங்கன் பயணி (பதில்)

கூம்பு தட்டி அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் எனக்கு உடன்பாடு. 7 அங்குல ரிம்மில் 225 என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்துப் பழைய விமானத்தளத்தில் நடக்கும் சோலோ தேசியப் போட்டிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். அந்தக் கான்கிரீட் தளம் பிடிமானம் மிகுந்தது. அங்கே 225 பயன் தருகிறது, ஏனென்றால் டயரை அமுக்கி வேலை வாங்குகிற நீண்ட திருப்பங்கள் அங்கே உண்டு. ஆனால் வட்டாரப் போட்டிகள் பெரும்பாலும் வாகன நிறுத்துமிடத்துத் தார்த் தளத்தில், நெருக்கமான ஸ்லாலோம்களோடு நடக்கின்றன. அங்கே குறுகிய ரிம்மில் புடைத்து நிற்கும் 225, ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஐந்து கோன் ஸ்லாலோமில் அந்த ஒரு கணம் ஐந்து முறை வரும். 205 அளவில் அதே ரப்பர் சட்டென்று பதில் சொல்லும். ஒரு டயருக்கு ஒரு கிலோவாவது குறையும், விட்டமும் கணக்குப்பிள்ளை சொன்னபடி உங்களுக்குச் சாதகம். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் ரப்பர் குறைவு என்பதால், ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டினால் 205 சீக்கிரம் சூடாகி மயங்கும். நீங்கள் தனியாக ஓட்டுவதால் அந்தக் கவலை இல்லை. இருவர் ஓட்டும் நாளில் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் நிரப்பி, ஓட்டங்களுக்கு இடையில் டயர்மேல் அடிப்பது வழக்கம். வெயில் நாளில் அந்தப் பம்பு இல்லாமல் ஏ052-ஐ இருவர் ஓட்டுவது வீண்.

எது வேகம் என்பதை யார் பேச்சையும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பயிற்சி நாளில் இரண்டு செட்டையும் எடுத்துச் சென்று, முதலில் பழைய செட், பிறகு புதிய செட், மறுபடி பழைய செட் என்று மாற்றி ஓட்டுங்கள். மூன்றாவது முறை பழைய செட்டுக்குத் திரும்பாமல் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாள் ஏற ஏறத் தளத்தில் ரப்பர் படிகிறது, ஓட்டுகிறவருக்கும் தடம் மனப்பாடம் ஆகிறது, அந்த முன்னேற்றத்தையெல்லாம் புதிய டயரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று ஓட்டங்கள் எடுங்கள். கோன் தட்டிய ஓட்டத்தின் இரண்டு விநாடி அபராதத்தைச் சேர்க்காமல் வெறும் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

காற்றழுத்தத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, செலவு ஒரு சாக்குக்கட்டி. டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர்வரை மூன்று இடங்களில் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்தபின் கோடு முக்கோணக் குறிவரை அழிந்திருந்தால் சரி. அதற்கும் கீழே அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. குறிக்கு மேலேயே நின்றிருந்தால் காற்று அதிகம். உங்கள் பழைய டயர் முக்கோணத்தைத் தாண்டித் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், கதவில் ஒட்டியிருக்கும் 29 பி.எஸ்.ஐ.யிலேயே சீசன் முழுவதும் ஓட்டியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஏரிக்கரை மியாட்டா

ஊகம் சரிதான். 29-ஐ யாரும் தொடக்கூடாது என்று நினைத்திருந்தேன். 16×6.5 வீல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கூம்பு தட்டி அண்ணனுக்கு அதற்காகவே நன்றி. முன்சக்கர கேம்பர் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

கூம்பு தட்டி

வீல் வாங்குவதற்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை அது. தொழிற்சாலை போல்ட்டிலேயே முன்பக்கம் எவ்வளவு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்புறம் உள்நோக்கிச் சாய்வது) கிடைக்குமோ அவ்வளவும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரீட் பிரிவில் அது அனுமதிக்கப்பட்டதே. அலைன்மென்ட் கடையில் எண்கள் பச்சையில் வந்தால் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். கூடவே நின்று கேட்டு வாங்குங்கள். லிங்கன் பயணி சொன்ன 205 வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் 225-ஐ விரும்புவதற்கு எங்கள் தடங்களில் நீண்ட திருப்பங்கள் மிகுதியாக இருப்பதும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏரிக்கரை மியாட்டா (அக்டோபரில்)

சீசன் முடிந்தது, முடிவைச் சொல்லாமல் இருப்பது முறையல்ல. ஆர்.இ-71ஆர்.எஸ். 205/45 ஆர்17 அளவில் வாங்கி, இரண்டாவதாக ஒரு செட் 17×7 வீலில் ஏற்றினேன். வீடியோவில் டாக்கோமீட்டரை எண்ணியதில், ஒரு தடத்தில் மட்டும் ஒரு விநாடிக்கும் குறைவாகவே 7,000-க்கு மேல் நின்றிருக்கிறேன். சிறிய டயரிலும் லிமிட்டர் தொல்லை பெரிதாக இராது என்று தெரிந்தாலும், 16 அங்குல யோசனையைக் கைவிட்டேன்.

ஜூன் மாதப் பயிற்சி நாளில் பழைய செட், புதிய செட், பழைய செட் என்று மும்மூன்று ஓட்டங்கள் ஓட்டினேன். பழையதில் சிறந்த நேரம் 48.9; புதியதில் 47.3, மறுபடி பழையதில் 48.4. லிங்கன் பயணி எச்சரித்தது அந்த 48.4-இல் கண்கூடாகத் தெரிந்தது: திரும்பிப் போயிருக்காவிட்டால் 1.6 விநாடி கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். இரண்டு பழைய நேரங்களின் நடுவை வைத்துப் பார்த்தால் 1.35 விநாடிதான் டயருடையது. சாக்குக்கட்டிக் கோடு முன்பக்கம் 32 பி.எஸ்.ஐ.யில் முக்கோணத்தின் முனையில் வந்து நின்றது. எனக்கு முன்னால் இருந்த அந்த நண்பர் இப்போது அரை விநாடி தூரத்தில் இருக்கிறார். அவர் 225 ஓட்டுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியாக ஒரு சந்தேகம். இந்த வகை ரப்பரை உறைபனியில் வைக்கக்கூடாது என்கிறார்களே, கராஜில் வெப்ப வசதி இல்லை. நிலவறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன். ரப்பர் வாடை அரிசியில் ஏறும் என்று வீட்டில் நாள்தோறும் வழக்கு நடக்கிறது.

லிங்கன் பயணி

நிலவறைதான் சரி. பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரிக்குப் போனால் இந்த ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துவிடும். அந்த நிலையில் உருட்டினாலோ வளைத்தாலோ வெடிப்பு விழலாம். ஒவ்வொரு டயரையும் தனித்தனியாகப் பெரிய கருப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுகக் கட்டிவிடுங்கள். ரப்பரின் எண்ணெய்ப் பசையும் காயாது, வாடையும் வராது. அரிசியை மட்டும் அடுத்த சுவருக்கு மாற்றிவிடுங்கள்.